ஒரு ரிங் என்றால் நலம்

பிள்ளைப்பாக்கம்
18.9.2006

அன்புள்ள சுகாவுக்கு,

வந்து சேர்ந்தேன். கழுகுமலையிலிருந்து திரும்பும்போதெல்லாம் வீட்டுக்குள் நுழைந்ததும் உன் அண்ணன் போனுக்கு ஒரு ரிங் கொடுத்துக் கட் பண்ணுவேன். இந்தத் தடவையும் கை தானாகப் போய்விட்டது. மாரிசெல்வம் அந்தப் பக்கமிருந்து கட் பண்ணிவிட்டான். மறுபடி போட்டேன், மறுபடி கட். அதனால்தான் தபாலில் வருகிறேன். தபால்காரரைக் கட் பண்ண முடியாது என்று ஒரு தைரியம்.

கிண்டல் செய்கிற நேரமா இது என்று நீ பல்லைக் கடிப்பாய். எனக்கு வேறு எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை சுகா.

வியாழக்கிழமை காலை உங்கள் வீட்டு வாசலில் பையோடு வந்து நின்றேன். "பொதச்சு ஒரு நாள் ஆச்சு மாப்ள. இப்ப என்னத்துக்கு வந்தீரு?" என்று மாரிசெல்வம் கேட்டான். பையை அங்கேயே வைத்துவிட்டு அவனைத் தாண்டிப் போனேன். உள்ளே நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். பக்கத்தில் உட்கார்ந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். உன் தோள் அசைந்தது, முகம் திரும்பவில்லை. அத்தை வந்து, "பச்ச ஒடம்புக்காரி, தொந்தரவு பண்ணாதீங்க" என்றார்கள். பிள்ளையைப் பெற்றவளிடம் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க முடியாமல் மதியமே பஸ் ஏறினேன்.

நீ என்ன நினைக்கிறாய் என்று பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்துப் பிடித்தேன். நான் போனை அணைத்து வைத்தேன் என்று நினைக்கிறாய். சத்தியமாக இல்லை.

பிரசவத்துக்கு உன்னை அனுப்பும்போது நாம் பேசி வைத்தது எனக்கு மறக்குமா? ஒரு ரிங் என்றால் நலம், சாப்பிட்டாச்சு, கவலை வேண்டாம். அடுத்தடுத்து மூன்று ரிங் என்றால் வலி வந்துவிட்டது, உடனே கிளம்பு. செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தேன். போன் அணைந்து கிடந்தது. பட்டனை அமுக்கினேன். ஒரே ஒரு மிஸ்டு கால். நலம் என்று நினைத்து, பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்துத் தூங்கிக்கொண்டே வந்தேன். புதன்கிழமையும் அதே மாதிரி ஒரே ஒரு மிஸ்டு கால். அன்று சாயந்தரம் ஹவுஸ் ஓனர் கிளியம்மாள் அக்கா வந்து, "தம்பி, உன் மச்சான் வூட்டு போன்ல கூப்டுகினே கீறாரு, சீக்கிரம் வா" என்று சொன்ன பிறகுதான் எனக்கு ஒரு மகள் பிறந்ததும் தெரியும், போனதும் தெரியும்.

இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கேட்டேன் சுகா.

ஒன்று மட்டும் எழுது. பிள்ளை யார் சாயல்?

உன்
உச்சிமாகாளி

*

கழுகுமலை
27.9.2006

உச்சிமாகாளி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பொய்யை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதைப் பதில் இல்லாமல் விட்டால் நான் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

செவ்வாய்க்கிழமை காலையில் வலி எடுத்தது. அண்ணன் ஆட்டோவுக்கு ஓடினான். போன் என் கையில்தான் இருந்தது. நானேதான் உங்களுக்குப் போட்டேன். ஒரு ரிங் போனது. என் காதால் கேட்டேன். கட் பண்ணிவிட்டு இரண்டாவது போட்டேன். நீங்கள் தொடர்பு கொள்ளும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று அந்தப் பெண் பேசினாள். வலியோடு மூன்றாவதும் போட்டேன். அதே பெண். அன்றைக்கு அவள் குரலை எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்குக் கணக்கில்லை.

ரிங் போகிற போன் தானாக எப்படி அணையும்? அணைந்தே கிடந்திருந்தால் முதல் ரிங்கே போயிருக்காது. கையில் எடுத்துப் பார்த்து, நான்தான் என்று தெரிந்து, அணைத்திருக்கிறீர்கள். ஆடி மாதம் நான் பகலில் ரிங் கொடுத்ததற்கு என்ன சொன்னீர்கள்? "லாக்கருக்குள்ள கெடந்து டர்ருனு கத்துது, சூப்பர்வைசர் எல்லார் முன்னாலயும் கேக்கான், பகல்ல போடாத" என்று சொன்னீர்கள். அந்த எரிச்சலில் அணைத்தீர்கள். அப்படித்தான் நடந்தது.

சாயந்தரம் பிள்ளை பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. மூச்சுக்குச் சிரமப்பட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அண்ணன் ராத்திரியெல்லாம் உங்களுக்குப் போட்டுக்கொண்டே இருந்தான். கிளியம்மாள் அக்கா வீட்டு நம்பருக்கும் போட்டான். அவர்கள் கல்யாணத்துக்குப் போய் வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது. புதன்கிழமை விடிந்து பிள்ளை போய்விட்டாள். அதற்கப்புறமும் ஒரு தடவை உங்களுக்கு ரிங் போயிருக்கிறது. உடனே மறுபடி அணைத்துவிட்டீர்கள். அப்பன் கிளம்பிவிட்டான் என்று ஒரு தகவல் கிடைத்திருந்தால் சாயந்தரம் வரைக்கும், ஏன், மறுநாள் வரைக்கும்கூடக் காத்திருந்திருப்போம். யாருக்காகக் காத்திருப்பது என்று தெரியாமல் மதியமே எடுத்துவிட்டார்கள்.

சாயல் கேட்கிறீர்கள். அது வந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். உங்களுக்குச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

சுகப்பிரியா

*

பிள்ளைப்பாக்கம்
5.10.2006

அன்புள்ள சுகாவுக்கு,

"அவர்களுக்கு" என்று எழுதியிருந்தாய். கரண்ட் ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்த மாதிரி இருந்தது. பரவாயில்லை, நீ எழுதினாயே.

நீ சொல்வதில் ஒரு ஓட்டையும் இல்லை. நான் உன் இடத்தில் இருந்தால் நானும் இதையேதான் சொல்வேன். ஒரு ரிங் போய், அடுத்த நிமிஷம் அணைந்தால் யார்தான் என்ன நினைப்பார்கள்? ஆனால் நான் அணைக்கவில்லை. காலையில் உள்ளே போகும்போது வைப்ரேட்டரில் போட்டு லாக்கரில் வைத்துப் பூட்டுவேன். ஷிப்ட் முடிகிறவரைக்கும் சாவி என் பாக்கெட்டில் இருக்கும். போன் உள்ளேயே கிடக்கும். வேலை நடக்கிற லைனுக்குள் போனைக் கொண்டுபோனால் கேட்டிலேயே பிடித்துக்கொள்வார்கள், உனக்கே தெரியும். நான் எங்கே கையில் எடுத்துப் பார்த்தேன்?

அப்படியானால் ஏன் அணைந்தது என்று கேட்டால், தெரியவில்லை. இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. புதுப் போன். எங்கள் கம்பெனியில் செய்கிற போனையே ஸ்டாஃப் விலையில் வாங்கி மூன்று மாசம்கூட ஆகவில்லை. நீ ஊருக்குப் போகிறாய் என்பதற்காகவே வாங்கியது.

பூந்தமல்லியில் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். டோக்கன் வாங்கி உட்கார்ந்து, என் முறை வந்து, ஒரு தங்கச்சி வாங்கிப் பார்த்தது. அதை ஒரு ஸ்டாண்டில் மாட்டி, அங்கிருந்த போனிலிருந்து கூப்பிட்டது. அழகாக ரிங் வந்தது. ஒரு தடவைக்கு நாலு தடவை கூப்பிட்டுக் காட்டியது. "செட்ல ஒண்ணும் இல்ல சார். பாக்கெட்ல இருக்கும்போது தெரியாம பவர் பட்டன் அமுங்கியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் புது சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தது. லாக்கரில் கிடந்த போனின் பட்டனை யார் வந்து அமுக்குவார்கள்? அந்தத் தங்கச்சியோடு சண்டை போட வாய் வரவில்லை. உன்னிடமே ஜெயிக்க முடியாதவன் அங்கே போய் என்ன ஜெயிப்பது?

ஆயுதபூஜைக்கு எங்கள் லைனில் எல்லா மெஷினுக்கும் சந்தனம் வைத்துப் பொரிகடலை கொடுத்தார்கள். சூப்பர்வைசர் நரசிம்மன் சார் என் கையில் ஒரு பொட்டலம் வைத்து, "ஸ்வீட் எங்கப்பா? பேபி பொறந்துச்சா?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. பொட்டலத்தைப் பக்கத்தில் நின்ற பையனிடம் கொடுத்துவிட்டு பாத்ரூமுக்குப் போய்விட்டேன்.

கிளியம்மாள் அக்கா இரண்டு நாளாகச் சோறு கொடுத்து விடுகிறார்கள். "இன்னா தம்பி, எந்நேரமும் செவுத்தப் பாத்துகினே குந்திகினு கீற? அந்தப் பொண்ணு வர்றப்போ நீ நல்லாருக்க வாணாமா?" என்கிறார்கள். நீ வருவாய் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். நான் மறுக்கவில்லை.

வருவாயா சுகா?

உன்
உச்சிமாகாளி

*

கழுகுமலை
12.10.2006

உச்சிமாகாளி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணன் வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தான். "ஊர் ஒலகத்துக்கே போன் செஞ்சு அனுப்புதாரு. அவரு போனு மட்டும் தானா அமந்துருமாம். மாப்ள கத நல்லா சொல்லுதாருல்லா" என்றான். நான் சிரிக்கவில்லை. ஆனால் அவன் சொன்னதைத் தப்பு என்று சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை.

போன் கெட்டது என்கிறீர்கள். கடைக்காரனே நல்லாயிருக்கிறது என்று கொடுத்துவிட்டான். அதையும் நீங்களே எழுதுகிறீர்கள். இனி நான் என்ன சொல்வது?

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளை போன மூன்றாம் நாள் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. பால் வற்றுவதற்கு அம்மா மல்லிகைப்பூவை வைத்து மாரில் துணி சுற்றிக் கட்டினாள். காலையில் கட்டின பூ சாயந்தரம் கருகிப்போகும். மறுபடி புதுப்பூ. காய்ச்சல் வந்தது. பூ வாடுகிற வாசமும் பால் வாசமும் சேர்ந்து எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இப்போது தெருவில் பூக்காரி கூவினாலே ஜன்னலைச் சாத்துகிறேன். நீங்கள் சம்பள நாளுக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்து தலையில் வைக்கிற ஆள். இனிமேல் வாங்காதீர்கள்.

வருவாயா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வீட்டில் நீங்கள் போனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நான் உங்கள் விரலைத்தான் பார்ப்பேன். எந்த விரலால் அமுக்கினீர்கள் என்று பார்ப்பேன். அப்படி ஒருவரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது? பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று அப்பா சொல்கிறார். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிடுவேன்.

சுகப்பிரியா

*

பிள்ளைப்பாக்கம்
24.10.2006

சுகா,

இதை நீ முழுதும் படிக்க வேண்டும். மாரிசெல்வத்திடம் கொடுப்பதற்கு முன் நீ படி.

தீபாவளிக்கு எங்கும் போகவில்லை. என்னோடு வேலை பார்க்கிற வனமாமலை தெரியுமல்லவா, வள்ளியூர்க்காரன், நம் வீட்டுக்கு வந்து உன் கையால் மீன்குழம்பு சாப்பிட்டவன். அவன் ஒரு தூக்கில் கறிக்குழம்பு கொண்டுவந்தான். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் போனை வைத்திருந்தேன். அன்றைக்கு லாக்கரில் வைத்தபோது போட்ட வைப்ரேட்டர்தான், அதற்கப்புறம் நானாக மாற்றவே இல்லை. சர்வீஸ் சென்டரில் சத்தம் வைத்தார்கள், வீட்டுக்கு வந்ததும் மறுபடி வைப்ரேட்டரில் போட்டுவிட்டேன். சத்தம் கேட்கப் பிடிக்கவில்லை.

வனமாமலை தன் போனில் என் நம்பர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கால் போட்டான். தட்டின் மேல் போன் டர்ர் என்று உதறி நகர்ந்தது. ஒரே ஒரு தடவை. அப்புறம் நின்றுவிட்டது.

"ஏலே, ஏன்ல கட் பண்ணுத?" என்று கேட்டான்.

"நான் தொடவே இல்லையே."

"ஆஃப் பண்ணிட்டியா? சுவிட்ச் ஆஃப்னு வருது."

என் இரண்டு கையும் மடியில் இருந்தது சுகா. அவனே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டே, நான்தான் அணைத்தேன் என்று நினைத்தான்.

போனை மறுபடி போட்டுத் தட்டில் வைத்தோம். அவன் கூப்பிட்டான். ஒரு உதறல், அணைந்தது. மறுபடியும். மறுபடியும். வனமாமலை ஒரு கட்டத்தில் "போதும்ல, விடு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் அழுகிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பின்மூடியைக் கழற்றிப் பார்த்தோம். பேட்டரியைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டிய மூன்று சின்னப் பித்தளைக் கம்பிகளில் ஒன்று கொஞ்சம் உள்ளே மடங்கியிருக்கிறது. பேட்டரி மயிரிழை ஆடுகிறது. ஆடி மாதம் நன்றாகத்தான் கத்தியது, இந்த ஆட்டம் அப்புறம்தான் வந்திருக்க வேண்டும். போன் சும்மா இருந்தால் ஒன்றுமில்லை. உதறினால் தொடர்பு விட்டுப் போய் அணைந்துவிடுகிறது. பஸ் குலுங்கினாலும் அப்படித்தான். அதனால்தான் செவ்வாய்க்கிழமை ராத்திரியெல்லாம் மாரிசெல்வத்துக்குக் கிடைக்கவில்லை. ஷிப்ட் முடிந்து நான் பட்டனை அமுக்கி, பாக்கெட்டில் போட்டு, கம்பெனி பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். மறுநாள் காலை லாக்கரில் வைக்கும்போது அணைந்திருக்கிறதே என்று மறுபடி போட்டு வைத்தேன். மாரிசெல்வத்தின் முதல் ரிங் போயிருக்கிறது. ஒரு உதறல். அவ்வளவுதான்.

சர்வீஸ் சென்டரில் ஏன் தெரியவில்லை என்றும் சொல்கிறேன். ஸ்டாண்டில் இறுக்கி மாட்டிவிட்டார்கள். எங்கள் லைனிலும் அப்படித்தான். நான் பார்ப்பதே ஸ்பீக்கர், வைப்ரேட்டர் டெஸ்ட்தான். போனை ஒரு கவ்விக்குள் வைத்து மூடினால் அது நாலு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதற்குள் உதறிப் பார்ப்போம். அழுத்திப் பிடித்த போனில் பேட்டரி எங்கே ஆடும்? தட்டிலோ லாக்கரிலோ தனியாகக் கிடக்கும்போது என்ன ஆகும் என்று யாரும் வைத்துப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

நரசிம்மன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளையைப் பற்றியும் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். "செட்டைக் குடுப்பா. கம்ப்ளெய்ன்ட் போட்டு உனக்குப் புது செட் வாங்கித் தர்றேன்" என்றார். நல்ல மனுஷன். நான் தர மாட்டேன் என்றேன். கொடுத்துவிட்டால் உன்னிடம் காட்ட என்னிடம் என்ன இருக்கிறது? மறுபடியும் வெறும் வாய்தான் இருக்கும். என் வாயை இப்போது கழுகுமலையில் யாரும் நம்புவதில்லை.

அதனால் போனை உனக்கே பார்சலில் அனுப்புகிறேன். சார்ஜரும் இருக்கிறது. சிம் உள்ளேயே இருக்கிறது. ஒரு தட்டில் வைத்து மாரிசெல்வம் போனிலிருந்து கூப்பிட்டுப் பார். அதற்கப்புறம் நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

உன்
உச்சிமாகாளி

*

கழுகுமலை
2.11.2006

பார்சல் வந்தது. நான் இன்னும் பிரிக்கவில்லை. கிணற்றில் போடச் சொல்கிறான் அண்ணன். போடவும் இல்லை. பீரோவுக்குள் வைத்திருக்கிறேன். அவசரப்படுத்த வேண்டாம்.

சுகப்பிரியா

*

பிள்ளைப்பாக்கம்
15.11.2006

அன்புள்ள சுகாவுக்கு,

அவசரப்படுத்தவில்லை. பார்சலைப் பற்றி இதில் ஒரு வார்த்தையும் கேட்கப்போவதில்லை. வேறு விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நரசிம்மன் சார் என் பேச்சை வைத்து மேலே எழுதிப் போட்டிருக்கிறார். வெளியிலிருந்தும் இந்த மாதிரி சில போன்கள் திரும்பி வந்திருக்கின்றனவாம். இரண்டு வாரமாக இன்ஜினியர்கள் வந்து பார்த்தார்கள். இந்தத் திங்கட்கிழமையிலிருந்து லைனில் ஒரு வேலை கூடியிருக்கிறது. பேட்டரி மூடியின் உள்பக்கம் ஒரு சின்ன ஸ்பான்ஜ் துண்டு ஒட்டுகிறார்கள். பேட்டரியை அது அழுத்திப் பிடித்துக்கொள்ளும், இனி ஆடாது. அந்தத் துண்டு எவ்வளவு பெரிசு தெரியுமா? என் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதுகூட இருக்காது.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்தான் ஒட்டுகிறது. ரோலிலிருந்து உரித்து உரித்து ஒட்டிக்கொண்டே, பக்கத்திலிருக்கிறவளோடு சினிமாக் கதை பேசுகிறது. அதன் மேல் எனக்கென்ன கோபம்? ஆனாலும் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அந்த நகத்தளவு ஸ்பான்ஜ் ஒன்று என் போனில் இருந்திருந்தால் நான் செவ்வாய்க்கிழமை சாயந்தரம் தாம்பரத்தில் பஸ் ஏறியிருப்பேன். விடியும்போது கோவில்பட்டியில் இறங்கியிருப்பேன். என்ன அவதாரம் எடுத்தாலும் பிள்ளையைக் காப்பாற்றியிருக்க மாட்டேன், அது தெரியும். ஆனால் ஒரு தடவை தூக்கியிருப்பேன். உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

ஒட்டின போன் நேராக என்னிடம்தான் டெஸ்ட்டுக்கு வருகிறது. கவ்வியின் மூடியை அழுத்தினால் கைக்குள் ஒரு தடவை உதறும். ஒரு ஷிப்டில் எத்தனை வரும் என்று உனக்குத் தெரியும். ஒவ்வொன்றும் உதறும்போது நீதான் கூப்பிடுகிறாய் என்று இருக்கிறது. எடுக்க முடியாத கால். பேக்கிங்குக்கு மாற்றிவிடுங்கள் என்று நரசிம்மன் சாரிடம் கேட்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். காய்ச்சல் விட்டதா? அத்தையை விசாரித்தேன் என்று சொல். மாரிசெல்வத்தின் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. என் தங்கச்சிக்கு ஒருத்தன் இப்படிச் செய்தான் என்று தெரிந்தால் நான் இன்னும் மோசமாகப் பேசியிருப்பேன்.

உன்
உச்சிமாகாளி

*

கழுகுமலை
29.11.2006

அன்புள்ள அத்தானுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பார்சலைப் பிரித்தேன். வீட்டில் எல்லாரும் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை, கூப்பிடவும் மாட்டார்கள். அண்ணன் மட்டும் எனக்குத் துணைக்கு இருந்தான். அவன் போனை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். சோற்றுத் தட்டைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன்.

ஒரு ரிங் போனது. தட்டில் டர்ர் என்று உதறியது. அணைந்தது. காதில் அந்தப் பெண் பேசினாள்.

அன்றைக்கு உங்கள் பக்கத்தில் என்ன நடந்தது என்று முதல் தடவையாக என் கண்ணால் பார்த்தேன். என் காதில் அவள் பேசுகிறாள், என் முன்னால் போன் கிடக்கிறது, யாரும் தொடவில்லை. மறுபடி போட்டேன். சத்தம் கேட்டு அண்ணன் வந்தான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு அவனே கீழே உட்கார்ந்து, போனைப் போட்டு, தட்டில் வைத்து, அவனே கூப்பிட்டுப் பார்த்தான். "பாவி, நான் என்னென்னமோ பேசிட்டேனே" என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

நம்புகிறேன். நீங்கள் அணைக்கவில்லை.

நம்பிய பிறகு நிம்மதியாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? எனக்கு அப்படி இல்லை. இரண்டு நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. இத்தனை நாளும் காலையில் கண் விழித்ததும் உங்களைத் திட்டுவேன். திட்டிக்கொண்டே பல் விளக்குவேன், திட்டிக்கொண்டே சாப்பிடுவேன். பிள்ளை ஞாபகம் வரும்போதெல்லாம் அதற்கு முன்னால் உங்கள் ஞாபகம் வந்துவிடும், கோபம் வந்துவிடும். கோபம் இருந்தவரைக்கும் எனக்கு ஒரு வேலை இருந்தது. இப்போது யாரைத் திட்டுவது? ஒரு பித்தளைக் கம்பியையா? நகத்தளவு ஸ்பான்ஜையா? இப்போது காலையில் கண் விழித்தால் நேராகப் பிள்ளை ஞாபகம்தான் வருகிறது. நடுவில் யாரும் இல்லை. இதை உங்களைத் தவிர யாரிடம் சொல்வேன்?

சாயல் கேட்டீர்கள். கேட்டதற்கு என்னென்னவோ எழுதினேன். இப்போது சொல்கிறேன். நெற்றி உங்கள் நெற்றி. அகலமாக, முடி மேலே ஏறி. அம்மா பார்த்த உடனேயே "அப்பன உரிச்சு வச்சிருக்கு" என்றாள். மூக்கு மட்டும் எங்கள் அப்பா மாதிரி. வாய் யார் மாதிரி என்று தெரியவில்லை, குழாய் வைத்து ஒட்டியிருந்தார்கள். கை இரண்டும் மூடியே இருந்தது. பெட்டியின் ஓட்டை வழியாக விரலை விட்டால் பிடித்துக்கொண்டாள். நல்ல பிடி. நர்ஸ் விடுவித்துவிட்டாள். விடுவிக்காமல் இருந்திருக்கலாம். பெயர் வைக்கவில்லை. நான் மனசுக்குள் நிலா என்று கூப்பிட்டேன். நீங்கள் வேறு பெயர் சொன்னீர்கள் என்று தெரியும். எனக்கு அப்போது அதுதான் வந்தது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன்.

அவளை எங்கே வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அண்ணன் கையில் ஏந்திக்கொண்டு போனான். கூட அப்பா மட்டும் போனார். பொம்பளைகள் வரக்கூடாது என்றார்கள், நானும் எழுந்திருக்கிற நிலையில் இல்லை. ஓடைக்கரை என்று மட்டும் தெரியும். ஓடை எவ்வளவு நீளம்? அண்ணனிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "மறந்துரு தாயி" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவான். அப்பாவிடம் கேட்டால் அம்மா என்னை அடிக்க வருகிறாள். போய்ப் பார்த்தால் அடுத்த பிள்ளைக்கு ஆகாதாம். நான் அடுத்த பிள்ளையைப் பற்றியா கேட்டேன்? கல்லும் வைக்கவில்லை, செடியும் வைக்கவில்லை. ஐப்பசி மழையில் ஓடையில் தண்ணீர் போனபோது ஒவ்வொரு ராத்திரியும் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

போனைத் தட்டில் வைத்துப் பார்த்த அன்றைக்கு அண்ணனிடம் மறுபடி கேட்டேன். "ஒனக்கு நான் காட்ட மாட்டேன். பெத்த அப்பன் வந்து கேட்டா, இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வராது. மாப்ளைய வரச் சொல்லு" என்றான்.

நீங்கள் முகம் பார்க்கவில்லை. நான் இடம் பார்க்கவில்லை. முகம் எப்படி என்று உங்களுக்கு எழுதிவிட்டேன், என்னால் முடிந்தவரைக்கும். நீங்கள் வாருங்கள் அத்தான். லீவு கொடுக்காவிட்டாலும் வாருங்கள். பிள்ளைப்பாக்கத்துக்கு உங்களோடு திரும்பி வருவேனா என்று இப்போது கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. முதலில் அண்ணனிடம் கேட்டு அந்த இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது. என்னையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அம்மா தடுப்பாள், அப்பா சத்தம் போடுவார், தெருவில் நாலு பேர் வந்து நிற்பார்கள். அவர்களுக்கெல்லாம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். எனக்கு அதைப் பற்றி அழாமல் பேச வரவில்லை.

உங்கள்
சுகா